மூன்றாவது பேஸில் நிற்கும் மாப்பிள்ளை

அன்புத் தங்கைக்கு, உன் அண்ணன் எழுதுவது. நான் இங்கே சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். நீ சுகமா என்று கேட்பதும் முறைதான், ஆனால் பதினோரு மாதமாக நீ என்னோடு பேசுவதில்லை. அதனால் கேட்டதாக வைத்துக்கொள். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. மூன்றாம் பத்தி வரைக்குமாவது படி, அதற்குப் பிறகு உன் இஷ்டம்.

விஷயம் நம்ம மாப்பிள்ளையைப் பற்றியது. உன் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாத மனுஷன் என்பது உனக்கே தெரியும். ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குப் போனால் முன்வாசலை விட்டுக் கொல்லைப்புறம் வழியாகத்தான் போவார். எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று ஓடுகிறவர் என்றுதான் சாஃப்ட்பால் கூட்டம் அவருக்குக் கேலியாக ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் வைத்தது. அந்த எக்ஸ்பிரஸ் அன்றைக்குக் கடைசி இன்னிங்ஸில் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பந்தைப் புதருக்குள் அடித்துவிட்டு, முதல் பேஸ், இரண்டாவது பேஸ் என்று திண்டு திண்டாக மிதித்து, மூன்றாவது பேஸை மட்டும் ஒரு அடி தள்ளி வளைத்துக்கொண்டு, மட்டை பிடித்த இடமான ஹோமுக்கே வந்து சேர்ந்தார். நீ ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாய். பேக்கரி அணி கேப்டன்கூட எதிரணி என்பதை மறந்து கை தட்டினார். நான் ஒருத்தன்தான், முப்பத்திரண்டு வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்த சர்வேயர் புத்தி, அம்பயர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய், “மூணாவது திண்டை மிதிக்கலை. திரும்பிப் போய் மிதிச்சிட்டு வாங்க, பந்து இன்னும் புதர்லதான் கிடக்கு”ன்னேன். அவர் சிரிச்சார். “சரிங்க மச்சான், உங்க திண்டு, உங்க சட்டம்”னு சொல்லிட்டு வந்த வழியே திரும்பிப் போனார். திண்டில் கால் வச்சார், ஷூ லேஸ் அவிழ்ந்திருக்குன்னு குனிஞ்சார், நானும் கையைத் தூக்கி “டைம்!”னு கத்தினேன். குனிஞ்சவர் நிமிரலை.

டாக்டர் சொன்னார், இந்த மாரடைப்பு வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்கும் என்று. நீ சொன்னது ஒன்றுதான்: “ஒரு அடிதானே அண்ணா.” அதற்குப் பிறகு நீ பேசவில்லை. அதில் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

இனிமேல் எழுதப் போவதைப் படித்துவிட்டு எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைப்பாய். லீக் செயலாளரும் அப்படித்தான் நினைத்து என்னைக் கண் டெஸ்டுக்கு அனுப்பினார். பார்வையில் ஒரு குறையும் இல்லை, சீட்டு வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை போய் ஒரு மாதம் கழித்து மறுபடி ஆட்டம் தொடங்கிய அன்று, பல் டாக்டர் ஓடி வந்து மூன்றாவது பேஸில் சறுக்கி விழுந்தார். விழுந்தவர் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டே, “சாரி சார்”ன்னார். “யாருக்குய்யா சாரி?”ன்னு கேட்டேன். “இவருக்குத்தான், கால்ல இடிச்சிட்டேன்”னு திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பல் டாக்டருக்கு முகம் வெளுத்துப்போச்சு. அன்றோடு அவர் ஆட்டத்துக்கே வருவதில்லை, பல் வலி என்று போனாலும் என்னைக் கண்டால் க்ளினிக் மூடியாச்சுங்கிறார்.

அடுத்த வாரம் காலையில் நான் சீக்கிரமே போனேன். மைதானம் முழுக்கப் பனி இறங்கி நனைஞ்சு கிடக்கு, எல்லாத் திண்டும் ஈரம். மூன்றாவது திண்டில் மட்டும் இரண்டு பாதம் அளவுக்குக் காய்ந்த இடம். கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுன்னு இருந்தது. டேப் வைத்து அளந்தேன், எட்டாம் நம்பர் ஷூ, இடது கால் கொஞ்சம் உள்பக்கம் திரும்பி. அந்த இடது கால் யாருடையது என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? திண்டை மூன்றடி நகர்த்திப் போட்டேன். மறுவாரம் காய்ந்த பாதம் புதுத் திண்டின் மேலேயே ஏறி நிற்கிறது. சுண்ணாம்புக் கோடு போடுகிறவர், “சார், நான் போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள இந்த முனையில யாரோ மிதிச்சிடறாங்க”ன்னு புலம்புகிறார். மிதித்த தடமும் திண்டை விட்டு ஒரு அங்குலம் வெளியே இல்லை தங்கச்சி. பந்து மட்டையில் படுவதற்கு முன் காலை எடுக்கக் கூடாது என்று ஏழு வருஷம் கத்தினேன், கேட்டாரா? இப்போது கேட்கிறார்.

இதில் என் உத்தியோகத்துக்குத்தான் ஆபத்து. ஒரு திண்டில் இரண்டு பேர் நின்றால் முன்னால் வந்தவருக்குத்தான் இடம், பின்னால் வந்தவர் அவுட். இது லீக் விதி. அதனால் மூன்றாவது பேஸுக்கு ஓடி வருகிறவர்களை எல்லாம் நான் அவுட் கொடுக்க வேண்டியதாயிற்று. ரிப்போர்ட்டில் ‘ஏற்கெனவே ஆள் இருக்கிறார்’ என்று எழுதினேன். பேக்கரி அணி மூன்று ஆட்டம் தோற்றது. கேப்டன் மாவுக் கையோடு என் வீட்டுக்கே வந்து, “ஆள் எங்க சார்? காட்டுங்க!”ன்னு குதிச்சார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றேன். கூட்டிக்கொண்டு போய்த் திண்டில் அவர் கையை வைத்துக் காட்டினேன். வெடுக்குன்னு கையை இழுத்துக்கிட்டார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுப் போய்விட்டார். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று ஊரே சொல்லும், இந்தத் தடவை முயல் நிஜமாகவே அங்கே நிற்கிறது.

ஏன் நிற்கிறார் என்று கேள். நான் “டைம்” சொன்னேன். டைம் சொன்னால், அம்பயர் “பிளே” சொல்லும்வரை யாரும் பேஸை விட்டு நகரக் கூடாது. அன்றைக்கு ஆம்புலன்ஸ், அழுகை, கூச்சல், எல்லாம் நடந்தது, நான் “பிளே” சொல்லவில்லை. மற்ற ஆட்டங்களுக்குச் சொல்கிறேன், அதெல்லாம் அந்தந்த ஆட்டத்தோடு சரி. அந்த ஆட்டம் லீக் புத்தகத்தில் ‘நிறுத்திவைக்கப்பட்டது’ என்றே இருக்கிறது. அடுத்த வாரத்தோடு லீக் வருஷம் முடிகிறது, முடியாத ஆட்டத்தை எல்லாம் அடித்துவிடுவார்கள். அடித்துவிட்டால் அவர் அவுட்டும் இல்லை, வீடு திரும்பியவரும் இல்லை. அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

அப்படியென்றால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பாய். நாக்கு நுனி வரைக்கும் வருது, சொல்ல முடியலைம்மா. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் போன பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிட்டு வரேன். பதில் கிடையாதுதான், உயிரோட இருந்தப்பவும் என் பேச்சுக்கு அவர் என்ன பதில் சொன்னார்? நீயும் பேசுறதில்லை, அவரும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா? அதுக்காக ஒரு மனுஷனை வெயில்லயும் பனியிலயும் நிக்க வச்சிருக்கேன். பாவி நான்.

ஆகவே வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு நீ வர வேண்டும். ஹோமுக்குப் பின்னால், எப்போதும் உட்காரும் பெஞ்சில், ஃபிளாஸ்க்கோடு உட்கார். நீ இருந்தால் எனக்குத் தைரியம் வரும், நான் “பிளே” சொல்லிவிடுவேன். என்னோடு நீ பேச வேண்டாம். நான் அன்றும் இன்றும் விதிப்படிதான் நடந்தேன் என்பதை மட்டும் மனதில் வை.

நீ நூறு வயது இருக்க வேண்டும், உன் முட்டி வலி தீர வேண்டும். மூத்தவன் என்ற முறையில் என் ஆசீர்வாதம், வேண்டாம் என்றாலும் திருப்பி அனுப்ப வழியில்லை.

இப்படிக்கு,
உன் அண்ணன், அம்பயர்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். கடிதத்தை முடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் திண்டுகளை அளந்து வைக்கலாம் என்று மைதானத்துக்குப் போனேன். அந்த உள்பக்கம் திரும்பிய இடது காலைப் பார்த்தேன், வாய் தானாகவே “பிளே” என்றது. சுண்ணாம்புக் கோட்டின் மேல் தூசி ஒவ்வொரு அடியாகக் கிளம்பியது. அதே ஆமை வேகம்தான். நான் ஹோமிலேயே கண்ணை வைத்திருந்தேன். கடைசித் தடம் ஹோமுக்கு ஒரு அடி முன்னால், அடுத்தது ஒரு அடி பின்னால். மிதிக்கவில்லை. அப்படியே நேராகப் போய், கேட் தானாகத் திறந்து, தடம் உன் தெருப் பக்கம் திரும்பியது. நான் விதிப் புத்தகத்தை எடுத்தேன். பேஸை மிதிக்காமல் போனால், எதிரணி கேட்டால் ஒழிய அம்பயர் வாயைத் திறக்கக் கூடாது. அன்றைக்கும் அந்த வரி அங்கேதான் இருந்தது தங்கச்சி. அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் வாயைத் திறந்தேன். விதிப்படி நடந்தேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடு. இன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஸ்கூட்டரில் வந்ததால் அவரை முந்திக்கொண்டு இதை உன் கதவிடுக்கில் தள்ளுகிறேன். கதவைத் தாழ்ப்பாள் போடாதே. சுண்ணாம்புக் காலோடு ஹாலுக்குள் வந்தால் இந்த ஒரு தடவை திட்டாதே.