நடுமேடையிலிருந்து நாத்தனாரைப் பெயர்த்த படலம்

மருத்துவர்தம் கிறுக்கெழுத்துக் கானகத்துள் தனியே புகுந்து, எம்மாத்திரை எவ்வேளைக்கு எனப் பிழையறப் படித்து மீண்ட பெருவிழியாள்; ஒன்பதாண்டு திரைமறைவில் நின்று, மறதி நோயுற்ற நடிகர் வாய்களுக்கெல்லாம் வசனம் ஊட்டிய வள்ளல்; ஒருமுறையேனும் கைதட்டல் தன் பக்கம் திரும்பக் காணாதாள்; மருந்துக்கடை மாதரசி! அன்னவளை முதற்கண் வணங்கி, அவள் தன் நாத்தனாரை நடுமேடையிலிருந்து நான்கு முழம் நகர்த்திய கொடும்போரைச் சொல்லப் புகுகின்றேன். நாவே, குழறாதே. சிரிப்பே, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் இரு.

போர் மூண்ட காரணம் இது. நாடகக் குழுவினர் நடத்திய இயக்குநர் பயிற்சியில் ஆறு ஞாயிறு அமர்ந்து பாடம் கேட்ட நம் தலைவி, ஏழாம் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, பயிற்றுநர் முன்னிலையில் பத்து நிமிடக் காட்சி ஒன்றை இயக்கிக் காட்ட வேண்டும். காட்சி தேறினால் இவ்வாண்டு நாடகம் அவள் கையில். தேறாவிடில் பத்தாம் ஆண்டும் திரைமறைவே கதி. அதை எண்ணுந்தோறும் கடையில் எண்ணிய மாத்திரைகளையே அவள் மறுபடி எண்ணினாள். கேலிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே எண்ணினாள்.

காட்சியோ எளிது. வேலையை விட்டுவிட்டதாக மகன் சொல்கிறான். தாய் பேச்சற்று இடப்புறச் சன்னலருகே போய் நிற்கிறாள். பின்னர் வெகுண்டு திரும்பி, மேடை முழுதும் குறுக்கே நடந்து, வலப்புறக் கதவால் வீட்டைவிட்டே வெளியேறுகிறாள். மகனாகக் கொழுந்தன். தாயாக, கணவனின் மூத்த சகோதரியும் கொழுந்தனையே தூக்கி வளர்த்தவருமான நாத்தனார். வேறு ஆள் கிடைக்கவில்லை என்று தலைவி ஊருக்குச் சொன்னாள். "நான் இருக்கும்போது வேற யாரு?" என்று நாத்தனாரே கேட்டார் என்பதுதான் நடந்தது.

அந்தோ, நாத்தனார்! குடும்பப் புகைப்படம் ஒன்று விடாமல் நடுவில் நின்ற நடுநாயகி! அந்த ஏழாம் ஞாயிறு பிற்பகல், அச்சகத்து மாடியில், தகரக்கூரை தகிக்கும் ஒத்திகை அறையில், ஒற்றை விளக்கின் ஒளி முழுதும் தம் புதுப்புடவைமீது விழுமாறு நடுமேடையில் அவர் ஊன்றிய அடி, ஊன்றியதுதான். யானை கட்டி இழுத்தாலும் அசைந்திராது.

தலைவி தொடுத்த முதற்கணை கட்டளை. "அண்ணி, இப்ப சன்னல் பக்கம் போங்க."

"எதுக்கு? இங்க நின்னாலே சன்னல் தெரியுதே!"

கணை முறிந்தது. அடுத்து, சன்னலருகே சுண்ணக்கட்டியால் தரையில் குறியிட்டாள். தரையை அழுக்காக்குகிறாளே என்று திட்டியபடி நாத்தனார் விரைந்து போய்க் குறியைக் காலால் தேய்த்து அழித்துவிட்டு, நடுமேடைக்கே மீண்டார். தானே நடந்து காட்டினாள், "நல்லா நடக்குற. நீயே நட, நான் இங்க நிக்கிறேன்" என்று பாராட்டு வந்தது. இதற்குள் வேலையை விட்டுவிட்டதாகப் பதினொரு முறை சொல்லிவிட்ட கொழுந்தன், பன்னிரண்டாம் முறை சொல்கையில் உண்மையாகவே விட்டுவிடலாமா என்று யோசிக்கத் தொடங்கியிருந்தான். மணியோ மூன்றே முக்கால்.

அவ்வேளை, ஒடிந்த மனத்தினளாய்ப் பயிற்சி ஏட்டைப் புரட்டியவள் கண்ணில் முதல் நாள் எழுதிய முதல் வரி பட்டது: நடிகர் நகர வேண்டுமெனில், நகரக் காரணம் வேண்டும். அடடா, காரணம்! ஓடோடிப் போய் விளக்கினாள்: "அந்தம்மாவுக்கு அதிர்ச்சி, அண்ணி. மூச்சு முட்டுது. காத்துக்காகச் சன்னலுக்குப் போறாங்க."

"எனக்கும்தான் முட்டுது. அங்க எங்கடி காத்து? வெறும் சட்டத்தை நட்டு வச்சிருக்க."

மாதரசி அலுவலறைக்குள் பாய்ந்தாள், அங்கிருந்த மேசை விசிறியை வாரியெடுத்தாள், அவையோர் கண்ணில் படாவண்ணம் சன்னற்சட்டத்தின் பின் அதை நிறுத்தி, தானும் அதனருகே குந்திப் பதுங்கினாள்.

நான்கு அடித்தது. பயிற்றுநர் பேனா திறந்து அமர்ந்தார். "வேலையை விட்டுட்டேன்மா" என்றான் கொழுந்தன். மாதரசி விசிறியைச் சுழலவிட்டாள். என்ன வியப்பு! யாரும் ஏவாமலே அந்த அசையா அடி அசைந்தது. நாத்தனார் காற்று வந்த திசை நோக்கி நடந்தார், சன்னலடைந்தார், கண்மூடி நின்றார். கூந்தல் இழை ஒன்று பறந்தது. பயிற்றுநரின் பேனா பாராட்டெழுதிப் பறந்தது. பதுங்கியிருந்தவளுக்கோ அழுகையே வந்துவிட்டது.

ஆயினும் சென்ற நாத்தனார் திரும்பினாரில்லை. நிமிடம் ஒன்று போயிற்று, இரண்டும் போயிற்று. "ஏதாவது பேசும்மா" என்று கொழுந்தன் மும்முறை இறைஞ்சினான். நாத்தனார் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். பேனா நின்றது. பத்தாம் ஆண்டுத் திரைமறைவு தலைவியின் கண்முன் விரிந்தது. வருவதற்கு ஒரு காரணம் வேண்டுமெனில், போவதற்கும் ஒன்று வேண்டுமன்றோ? விசிறியை நிறுத்தினாள்.

நாத்தனார் கண் திறந்தார். சட்டத்தின் கீழே பார்த்தார்.

"இருந்த காத்தையும் நிறுத்திட்டியா? போதும்! நீயாச்சு, உன் நாடகமாச்சு! இனி ஒரு நிமிஷம் இங்க இருக்க மாட்டேன்!"

இடிமுழங்கத் திரும்பினார், மேடை அதிரக் குறுக்கே நடந்தார், கொழுந்தன் வேடத்தை மறந்து உண்மையிலேயே ஒதுங்கி வழிவிட்டான், ஒட்டுப்பலகைக் கதவு கீலோடு ஆட, வலப்புறமாக வெளியேறினார்.

பயிற்றுநர் துள்ளி எழுந்தார். "கோபம்னா இது கோபம்! 'இருந்த காத்தையும் நிறுத்திட்டியா'ன்னு ஒரு தாய் கேக்குறா! யாருய்யா இந்த வசனம் எழுதுனது? இயக்குநர் எங்க? வெளிய வாங்கம்மா! இந்த வருஷ நாடகம் உங்களுதுதான்!"

அக்கணம், தகரக்கூரை எதிரொலிக்க, அச்சகத்தார் வேலை நிறுத்தி அண்ணாந்து பார்க்க, உடன் பயின்றோர் அறுவரும் கரவொலி எழுப்ப, மின்கம்பி காலில் சுற்றியிருக்க, முழங்காலில் தூசு படிந்திருக்க, சன்னற்சட்டத்தின் பின்னிருந்து எழுந்தாள் மருந்துக்கடை மாதரசி, நடுமேடை கண்ட நாயகி, காற்றையே ஏவல் கொண்ட காரிகை!

அப்புறம் இரண்டு வாரம் நாத்தனார் அவளோடு பேசவில்லை.