அம்மா அனுப்பிய கப்பல்

அதிபுத்திசாலிகளைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஆபீசில் அந்த அதிபுத்திசாலி நான்தான்.

திருவொற்றியூரில் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு சின்ன கம்பெனி. சேர்ந்து மூன்றே மாதம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எங்கள் கன்டெய்னர் எண்ணூர் துறைமுகத்துக்குள் நுழைய, கப்பல் கம்பெனியின் சர்வரில் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அந்த சர்வருக்கு பாஸ்வேர்டு மட்டும் போதாது. நம் கம்ப்யூட்டரும் 'நான் இன்னார்' என்று ஒரு கிளையன்ட் சர்ட்டிபிகேட்டைக் காட்ட வேண்டும். அதற்கான ரகசியச் சாவி கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும்.

அதை நிறுவியது நான். 'இந்தச் சாவியைப் பிறகு நகலெடுக்க விடலாமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. கூடவே கூடாது என்றேன். மூல ஃபைலையும் அழித்தேன். (அதோடு விட்டேனா? முதலாளி தங்கராஜ் சாரிடம் போய், "இனிமே நானே நெனச்சாலும் திருட முடியாது சார்" என்று பீற்றிக்கொண்டேன்.)

பிறகு ஆபீசுக்குப் புது கம்ப்யூட்டர் வந்தது. பழசை ராயபுரத்தில் எங்கள் சர்ச் ஹாலில் பெண்களுக்காக நடக்கும் இலவச கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னதும் இந்த மகராசிதான். ஃபைல்களை ஒன்று விடாமல் புதுசுக்கு மாற்றினேன். சாவியை மறந்தேன். சனிக்கிழமை பழசை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு லாரி டிரைவர் பாபு அண்ணனிடமிருந்து போன்.

"இன்னா மேடம், வண்டிய ஓரங்கட்ட சொல்ட்டாங்கோ. பேப்பரு வர்லியாம். பன்னண்டு மணியோட கேட்ட மூடிடுவாங்களாம்."

புது கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். சர்வர் சர்ட்டிபிகேட் கேட்டது. இருந்தால்தானே காட்ட! புதிதாக வாங்க நான்கு நாளாகும். கப்பலோ அன்று மாலை. சாவி இருந்ததோ ராயபுரம் போன பழசுக்குள்.

தங்கராஜ் சார் கத்தவில்லை. "சரக்கு போவலன்னா நாளையிலேர்ந்து நீயும் வராதம்மா" என்றார் மெதுவாக. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

வகுப்பு நடத்தும் ஃபிலோ மிஸ் திங்கட்கிழமை வந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதாகச் சொல்லியிருந்தார். போன் அடித்தால் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்தேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ ஊர்ந்தது. அந்த ரோட்டில் மாதாவிடம் நான் நேர்ந்துகொண்டதை எல்லாம் இன்னும் செய்து முடித்தபாடில்லை.

ஹாலுக்குள் ஓடினால், எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு முன்னால் என் அம்மா! ஜெபக் கூட்டத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்.

"அழிச்சிட்டீங்களா மிஸ்?"

"எங்க? ஒம்பதரையிலேர்ந்து உங்கம்மா எழுந்திருக்கவே மாட்டேங்கறாங்க" என்றார் ஃபிலோ மிஸ்.

"நீ எப்படிம்மா இங்க?"

"படிக்க வந்துகீறேன். போன்ல ஒரு டவுட்டு கேட்டா 'உனக்கு புரியாதும்மா'ன்னு வள்ளுனு வுழுவ. அதான் உன்னாண்ட சொல்லல."

சுருக்கென்றது. அம்மாவின் வாயை அத்தனை தடவை அப்படி அடைத்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் மணி பதினொன்றரை தாண்டிவிட்டது.

"எந்திரிம்மா, என் வேல போயிடும்."

"உன் வேலய பாரு, யாரு வாணான்னது? மவுஸு மட்டும் என் கையிலதான் இருக்கும். இன்னா அமுக்கணும், சொல்லு."

சண்டை போட நேரமில்லை. என் போனிலிருந்து நெட் கொடுத்தேன். சர்வர் பக்கம் திறந்தது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி முளைத்தது.

"இது இன்னாடி கேக்குது?"

"நீ யாருன்னு கேக்குதும்மா. நம்ம சர்ட்டிபிகேட் பேர் இருக்கு பாரு, அத அமுக்கி ஓகே குடு."

"கேக்கட்டும், கேக்கட்டும். கண்டவன உள்ள வுட முடியுமா?" என்றார் அம்மா. (எனக்கு இது புரிய ஒரு வாரம் ஆகியிருந்தது.)

சர்வரின் கதவு திறந்தது. கன்டெய்னர் எண் பதினோரு எழுத்து. அம்மா ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தேடினார். "ஏழு எங்க கீது? இரு, சொல்லாத, நானே பாக்கறேன்." எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது படிவம் போய்ச் சேர்ந்தது.

"வுட்டுட்டாங்கோ மேடம்! உள்ள போய்கினே கீறேன்!" என்று பாபு அண்ணன் போனில் கத்தியது ஹால் முழுக்கக் கேட்டது. எல்லாப் பெண்களும் கைதட்டினார்கள். நான் அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

வேலை தப்பியது. புது சர்ட்டிபிகேட் வாங்கி, அதன் நகலைத் தங்கராஜ் சார் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அம்மா வகுப்பை முடித்து, இப்போது அதே ஹாலில் புதிதாக வரும் பெண்களுக்கு அவரே சொல்லித் தருகிறார். முதல் நாள் பாடம் ஒன்றுதான்:

"பழைய கம்ப்யூட்டர தூக்கி குடுக்கறதுக்கு மின்னாடி உள்ள இன்னா கீதுன்னு பாக்கணும். என் பொண்ணு ஜாய்ஸு பாக்கல. அடுத்த தெருதான், பச்ச கேட்டு வூடு. டவுட்டு இருந்தா அவளாண்டயே போய் கேளுங்க."

வந்து கேட்கவும் செய்கிறார்கள்.