புறப்பாட்டு உறுதிமொழி

லிங்கன்ஷயர் சமவெளியில் ஒரு சிறிய சைக்கிள் சங்கம். புதன்கிழமை தோறும் மாலை ஏழு மணிக்கு அதன் பத்து மைல் பந்தயம் நடக்கும். எல்லோரும் சேர்ந்து கிளம்புவதில்லை. நிமிடத்துக்கு ஒருவராகத் தனித்தனியே கிளம்பி, தனித்தனியே ஓட்டி, தனித்தனியே மூச்சு வாங்கவேண்டும். யாருடைய நேரம் குறைவோ அவர் வென்றவர். மெதுவானவர் முதலில், வேகமானவர் கடைசியில் என்பது வரிசை.

இந்த நேரத்தை முப்பத்தொரு வருடமாகக் குறிப்பவள் எனிட் பென்னக். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, "அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு, போ!" என்பாள். யாருக்கும் ஒரு விநாடி கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. கட்டிய கணவன் வில்ஃபுக்கும் அதே சட்டம். எழுபத்தெட்டு வயதான வில்ஃப் நாற்பது வருடமாக இந்தப் பந்தயத்தில் ஓட்டுகிறான். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

தாமதமாக வந்தவருக்குக் கடிகாரம் காத்திருக்காது என்பது பழைய விதி. ஏழு மணி மூன்று நிமிடம் உன்னுடையதென்றால், நீ செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாலும் உன் கணக்கு ஏழு மூன்றுக்கே தொடங்கிவிடும். இதில் யாருக்கும் குறையில்லை.

ஜூன் மாதம் இரண்டாம் புதன்கிழமை, மாவட்டக் குழு அனுப்பிய ஒருவர் மஞ்சள் மேலங்கியோடு வந்து இறங்கினார். பெயர் நைஜல் கிராப்ட்ரீ. பதவி, தனிநபர் புறப்பாட்டு ஒழுங்குமுறைக் கண்காணிப்பாளர். கையில் நாற்பத்தாறு பக்கச் சுற்றறிக்கை.

"இன்னிலேர்ந்து ஒவ்வொருத்தரும் கிளம்பறதுக்கு முன்னாடி புறப்பாட்டுக் கோட்டுல நின்னு உறுதிமொழி வாசிக்கணும் மேடம்."

எனிட் தாளை வாங்கிப் பார்த்தாள். 'மேற்படி போட்டியாளராகிய நான், முழு விழிப்போடும் சுயநினைவோடும், எனக்கு உரிமையான அல்லது உரிய அனுமதியோடு பெறப்பட்ட இரு சக்கர வாகனத்தின் மீது அமர்ந்திருக்கிறேன் என்றும், சற்று நேரத்தில் புறப்பட உத்தேசித்துள்ளேன் என்றும்...' அப்படியே பக்கம் முழுக்க ஓடியது.

"வாசிச்சு முடிக்க எவ்வளவு நேரமாகும்?"

"சோதனை பண்ணிப் பார்த்துட்டோம். தொண்ணூத்தஞ்சு செகண்டு."

"நாங்க ஆளுக்கு ஒரு நிமிஷம்தானே விடறோம்?"

"அதுல மாத்தமே இல்ல. பன்னிரண்டாம் விதி."

"அப்போ ரெண்டாவது ஆளே முப்பத்தஞ்சு செகண்டு லேட்டாயிடுவானே!"

"தாமதத்துக்குப் போட்டியாளரே பொறுப்பு. அது பத்தொன்பதாம் விதி."

"ஓரமா நின்னு முன்னாடியே வாசிச்சுட்டு வரட்டுமே?"

"கோட்டுக்கு வெளியே வாசிச்சா செல்லாது. கோட்டுல ஒருத்தருக்கு மேல நிக்கக் கூடாது." நைஜல் கனிவோடு சிரித்தார். "எல்லாத்தையும் யோசிச்சுதான் எழுதியிருக்கோம் மேடம்."

முதல் எண் வில்ஃபுடையது. அவனுக்கு முன்னால் யாரும் இல்லாததால் கோட்டில் நின்று நிதானமாக வாசித்து முடித்து, சரியாக ஏழு மணிக்குக் கிளம்பிவிட்டான். இரண்டாம் ஆள் வாசிக்கத் தொடங்கினான். பின்னால் வரிசை நீண்டது.

அந்த வரிசையைப் பார்க்கவேண்டும். இரண்டு விநாடி மிச்சம் பிடிக்கக் கண்ணீர்த் துளி வடிவத் தலைக்கவசம், மூன்று விநாடி மிச்சம் பிடிக்கத் தோலோடு ஒட்டிய உடை, அரை விநாடிக்காக மழித்த கால். ஒருவன் காற்றைக் கிழிப்பதற்கென்று தன் தாடியையே தியாகம் செய்திருந்தான். அத்தனை பேரும் மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டு, 'உத்தேசித்துள்ளேன் என்றும்' என்று எழுத்துக்கூட்டினார்கள். வாசிப்பவர் சாயாமலிருக்கப் பின்னால் சைக்கிளைப் பிடித்து நிறுத்தியிருந்தவர் தோளை மாற்றி மாற்றி முனகினார்.

"இது என்ன பந்தயமா, கல்யாணமா?" என்று ஒருவன் கத்தினான்.

"கல்யாணத்துல இவ்வளவு வாக்குறுதி கேக்கலையேடா!" என்றான் இன்னொருவன்.

கடைசி எண், பதினான்கு, ஹேசல். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. மூன்று வருடமாக விடிகாலையில் எழுந்து பயிற்சி செய்தவள். சங்கத்தின் பெண்கள் சாதனை இருபத்திரண்டு நிமிடம் நாற்பத்தொரு விநாடி. காற்றே இல்லாத இந்த மாலையில் அதை உடைத்துவிடலாம் என்று நம்பி வந்திருந்தாள்.

அவள் கோட்டுக்கு வந்து வாசித்து முடித்தபோது, அவளுடைய நிமிடம் கடந்து ஏழு நிமிடம் முப்பத்தைந்து விநாடி ஆகியிருந்தது.

"எனிட், நான் ஆறரைக்கே வந்துட்டேனே!" அவள் குரல் உடைந்தது.

"தெரியும் கண்ணு. நீ ஓட்டு." எனிட் கடிகாரத்தைப் பார்த்தாள். "அஞ்சு, நாலு, மூணு..."

ஹேசல் பறந்தாள். பத்து மைலையும் இருபத்திரண்டரை நிமிடத்தில் முடித்தாள். விதிப்படி ஏட்டில் ஏறியது முப்பது நிமிடம் ஐந்து விநாடி.

ஊர்க்கூடத்தில் தேநீரும் எலுமிச்சை கேக்கும் இருந்தன. நைஜல் முடிவுகளை வாசித்தார். முதலிடம் வில்ஃப் பென்னக், இருபத்தொன்பது நிமிடம் ஐம்பது விநாடி. கடைசி இடம் ஹேசல்.

"பதினாலு பேரும் பதினஞ்சு செகண்டுக்குள்ள! இந்த மாவட்டச் சரித்திரத்துலயே இவ்வளவு நெருக்கமான போட்டி நடந்ததில்ல. சுற்றறிக்கையோட நோக்கம் நிறைவேறிடுச்சு."

கூடமே கொந்தளித்தது. அயோக்கியத்தனம் என்றார்கள், பைத்தியக்காரத்தனம் என்றார்கள், அந்தத் தாளை எங்கே சொருகவேண்டும் என்றும் சொன்னார்கள். நைஜல் கொஞ்சமும் கலங்கவில்லை. நாற்பத்தொன்றாம் விதிப்படி, சங்கத்தார் ரகசிய வாக்கெடுப்பில் உறுதிமொழியை நிராகரிக்கலாம். ஓட்டிய பதினான்கு பேருக்கும் ஆளுக்கொரு வாக்கு.

எல்லோரும் பென்சிலை எடுத்தார்கள். எடுத்த பிறகு, சுவரில் ஒட்டியிருந்த முடிவுப் பட்டியலை ஒருமுறை சும்மா திரும்பிப் பார்த்தார்கள். ஆண்டாண்டாக அடியில் கிடந்த பெயர்கள் மேலே இருந்தன. பார்க்க அப்படியொன்றும் மோசமாக இல்லை. பேச்சு குறைந்தது. பென்சில்கள் மட்டும் உரசின.

வேண்டாம் என்று ஏழு. இருக்கட்டும் என்று ஏழு.

"சமநிலை. நேரக் காப்பாளர் இப்போ எல்லார் முன்னாலயும் தீர்மான வாக்கைச் சொல்லலாம்," என்றார் நைஜல்.

எனிட் எழுந்தாள். ஹேசல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், நாற்பது வருடத்தில் முதல் முறையாக, வில்ஃபைச் சுற்றி நாலு பேர் நின்று முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் கேக்கைக்கூடத் தொடவில்லை. ஆனந்தத்தில் வாயடைத்துப் போயிருக்கிறான் என்று நினைத்தாள்.

"எழுத்துல உள்ள விதி," என்றாள் எனிட். சொல்லும்போதே குரல் சுற்றறிக்கை மாதிரி ஆகிவிட்டது. "அதை ஒரே வாரத்துல தூக்கிப் போடறது முறையில்ல. இருக்கட்டும்."

ஹேசல் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் வில்ஃப் கேட்டான்.

"எதுக்கு அப்படிச் சொன்னே?"

"உனக்காகத்தான். வேற எதுக்கு?"

"நான் வேண்டாம்னுதானே போட்டேன்," என்றான் வில்ஃப். "ஏழு பேர்ல நானும் ஒருத்தன். அந்தப் பொண்ணைத் தோக்கடிச்சுட்டு எனக்கு எதுக்குடி முதலிடம்?"

எனிட் கியரை மாற்றினாள். "நான் வாக்குச் சொல்றதுக்கு முன்னாடியே நீ இதை எழுத்துமூலம் தெரிவிச்சிருக்கணும்," என்றாள்.