எதிர் வீட்டுக் காய்ச்சல்

உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த புதுக் காய்ச்சல் பக்கத்து நாடு வரை வந்துவிட்டது. பொதுமக்கள் இதற்குப் போதுமான அளவு பயப்படுகிறார்களா என்று விசாரித்துச் சொல்லும்படி சுகாதார அலுவலகத்துக்கு உத்தரவு வந்தது. எழுத்தர் ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து வீடு வீடாகப் போனார்.

"காய்ச்சல் வருமா?"

"வராம இருக்குமா? கண்டிப்பா வரும்."

"உங்களுக்கு?"

"எங்களுக்கா! நாங்க வெளியில தண்ணிகூடக் குடிக்க மாட்டோம். எதிர் வீட்டுக்கு வரும். ஓயாம ஊர் சுத்துறாங்க" என்றார் முதல் வீட்டு அம்மாள்.

எதிர் வீட்டில் தையல்காரர் சிரித்தார். "இது வெயில்ல அலையுற உடம்புங்க. எதிர் வீட்டைப் பாருங்க, ஜன்னலையே திறக்கிறதில்லை."

தெருமுனை வரை இதே பதில்தான். எழுத்தர் கொண்டுவந்த பதில்களைப் படித்த சுகாதார அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுதினார்: 'அபாயம் இருப்பது உண்மையே. எனினும் அது எதிர் வீடுகளுக்கு மட்டுமே என்று பொதுமக்கள் ஏகமனதாகத் தெரிவித்துள்ளனர். ஆகவே, எதிர் வீடுகளுக்கு மட்டும் தடுப்பூசி போடுமாறு ஆணையிடப்படுகிறது.'

"எது சார் எதிர் வீடு?" என்று கேட்டார் நர்ஸ்.

"இது ஒரு கேள்வியாம்மா? ஏதாவது ஒரு வாசல்ல போய் நில்லுங்க, எதிர்லயே தெரியும்."

நர்ஸ் ஐஸ் பெட்டியோடு போனார். ஐஸ் கரைவதற்குள் போட்டாக வேண்டும். கரைந்தால் மருந்து வீண். முதல் வீட்டு அம்மாள் எதிர்ப்பக்கம் கை காட்டினார். எதிர்ப்பக்கத் தையல்காரர் இந்தப் பக்கம் கை காட்டினார். நர்ஸ் தெருவைக் குறுக்கே குறுக்கே கடந்ததுதான் மிச்சம். பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

முதல் வீட்டுக் கதவோரம் அந்த அம்மாளின் மருமகள் நின்றிருந்தாள். வயிற்றில் பிள்ளை.

"மாசமா இருக்கிறவங்களுக்கு இந்தக் காய்ச்சல் வந்தா ரொம்ப ஆபத்தும்மா. இவங்களுக்காவது போட்டுடறேனே?"

"ஆர்டரை மீறலாமா சிஸ்டர்? உங்க வேலைக்கு ஏதாவது ஒண்ணுன்னா எங்க மனசு தாங்குமா?" என்றார் மாமியார்.

மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள். தையல்காரர் வீட்டுப் படியில் ஏறித் திரும்பி நின்றாள்.

"அத்தை, இப்ப நான் எந்த வீட்டுல நிக்கிறேன்?"

மாமியாருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "எதிர் வீட்டுல."

"கேட்டுக்கிட்டீங்களா சிஸ்டர்? போடுங்க."

தையல்காரருக்கு வயிறெரிந்தது. "எங்க வாசல்ல வந்து அவங்க போட்டுக்குவாங்க, நாங்க வேடிக்கை பார்க்கணுமா?" என்று குடும்பத்தோடு கிளம்பிப்போய் மாமியார் வீட்டுப் படியில் நின்றுகொண்டார். தன் படியை அவர் பிடித்துக்கொண்டது பொறுக்காமல் மாமியார் தையல்காரர் வீட்டுக்கு ஓடினார். பிறகு கேட்பானேன்! தெருவே இடம் மாறி நின்று கையை நீட்டியது. ஐஸ் கரைவதற்குள் பெட்டியில் மிஞ்சியது ஒரே ஒரு ஊசிதான்.

"எதிர் வீடெல்லாம் முடிஞ்சுது சார். நம்ம ஆபீசுக்கு இன்னொரு பெட்டி எடுத்துட்டு வரட்டுமா?"

அதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்தார். எதிரே வெறும் மதில்சுவர். "நாம யாருக்கும்மா எதிர் வீடு? நமக்கு அபாயம் இல்லை."

நர்ஸ் மட்டும் எதிர் மதிலோரம் போய் நின்று மிஞ்சிய ஊசியைத் தனக்குப் போட்டுக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் காய்ச்சல் ஊருக்குள் வந்தது. அந்தத் தெருவில் ஒரு தும்மல்கூட இல்லை. மருமகளுக்குச் சுகப்பிரசவம். தெருக்காரர்கள் கொதித்துப்போனார்கள். "வரும் வரும்னு பயமுறுத்தினாங்களே, வந்துச்சா? வீணா ஊசி குத்தினதுதான் மிச்சம்!"

மாமியார் தலைமையில் புகார் கொடுக்கப் போனார்கள். அலுவலகத்தில் நாற்காலிகள் எல்லாம் காலி. நர்ஸ் மட்டும் இருந்தார்.

"எங்கே எல்லாரும்?"

"காய்ச்சல்மா."

மாமியார் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். "நான் அப்பவே சொல்லல? இது நமக்கெல்லாம் வராது. இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் வரும்."

புகார் முறைப்படி அதிகாரியின் வீட்டுக்குப் போனது. இரண்டு போர்வைக்குள் கிடந்தபடியே அவர் உடனடி நடவடிக்கை எடுத்தார். காய்ச்சலே இல்லாத ஒரு தெருவில் தடுப்பூசிகளை வீணடித்தது ஏன் என்று நர்ஸ் விளக்கம் அளிக்க வேண்டுமாம்.

உத்தரவு தெளிவாகவே இருந்தது. கையெழுத்து மட்டும் கொஞ்சம் நடுங்கியிருந்தது.