ஏழாம் நம்பர் பாக்கெட்

தென்னரசு தன் வாழ்நாளில் பதினேழு உண்ணாவிரதம் இருந்தவர். சாயப்பட்டறைத் தொழிலாளிக்காக ஆறு, பேருந்துக்காக நான்கு, பூட்டிக் கிடந்த நூலகத்துக்காக இரண்டு, மீதி பொது நியாயத்துக்காக. ஒன்றிலும் தண்ணீர் தவிர வேறெதுவும் அவர் தொண்டையில் இறங்கியதில்லை. ஆரணியில் எதிரிகள்கூட ஒப்புக்கொள்ளும் உண்மை இது. பதவி தராத கட்சியும், நன்றி சொல்லாத சங்கமும், மாலை போட மறந்த ஊரும் அவருக்கு விட்டுவைத்த சொத்து இது ஒன்றுதான்.

பதினெட்டாவது உண்ணாவிரதத்தை அவர் மனைவிக்கு எதிராக அறிவித்தார்.

எழிலரசி செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அச்சு மெஷின் முன்னால் மூன்று ஷிப்டும் நின்றவள், வரைபடம் படிக்கத் தானாகவே கற்று, இப்போது டிசைன் அறையில் உட்கார்ந்திருக்கிறாள். பதினோரு மாதமாக ஒரே மூடியோடு மல்லுக்கட்டுகிறாள். பானம் அடைத்த பாக்கெட்டின் மூக்கில் மாட்டும் மூடி. திறந்தாலும் கழன்று விழாது, ஒரு வார் பிடித்துக்கொள்ளும். அடியில் ஒரு வளையம். முதல்முறை திருகியதுமே அறுந்து, திறந்த சேதியைச் சொல்லிவிடும்.

"மூடிய ஏன் கட்டிப்போடறே? அதுவும் அடிமைத்தனந்தானே?" என்று ஒருநாள் கேட்டார் தென்னரசு.

"கழண்டா கொழந்தைங்க வாயில போட்டுக்குதுங்க. இல்லாட்டி கால்வாயில கெடக்குது."

"அந்த வளையம்?"

"எவனாவது குடிச்சிட்டு, தண்ணி ஊத்தி மூடி வச்சா காட்டிக் குடுக்கும்."

"அப்படியும் ஒருத்தன் செய்வானா?"

"செய்வாங்க" என்றாள் எழிலரசி.

மூன்று ஞாயிறுகளை அந்த மூடி விழுங்கிவிட்டது. நாலாவது ஞாயிறு விடியற்காலையில் தென்னரசு சிவப்பு மையால் எழுதிய அறிக்கையை பிரிட்ஜ் கதவில் ஒட்டினார். 'ஞாயிறு விடுமுறை உழைப்பாளியின் பிறப்புரிமை! காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மாபெரும் உண்ணாவிரதம்!'

எழிலரசி நின்று முழுதாகப் படித்தாள்.

"நல்லா எழுதிகீறீங்க. உள்ள ரோஸ் மில்க் பாக்கெட்டு பன்னண்டு கீது, நம்பர் போட்டு வச்சிகீறேன். நாளைக்கு வாங்கற பார்ட்டி வந்து பாக்கறாங்க. சரின்னுட்டா அச்சு வெட்டிடுவாங்க, அப்புறம் மாத்த முடியாது. கை வச்சிடாதீங்க."

"உண்ணாவிரதக்காரன்கிட்ட பேசற பேச்சா இது?"

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

சித்திரை வெயில். பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டில் கறிக்குழம்பு கொதித்தது. மைதானத்தில் உண்ணாவிரதம் என்றால் சுற்றிலும் நூறு கண் இருக்கும், கோஷம் இருக்கும். வீட்டில் பிரிட்ஜ் மட்டும் இருந்தது.

ஆராய்ச்சிக்காகத்தான் ஏழாம் நம்பரை எடுத்தார். லேசாகத்தான் திருகினார். டிக்! வளையம் அறுந்தது. மூடியைப் பிய்த்தெறியப் பார்த்தார். வார் விடவில்லை. பல்லால் கடித்தார். பல் ஆடியது, வார் ஆடவில்லை. தடயத்தை அழிக்க ஒரே வழிதான் மிச்சம். குடித்தார். காலிப் பாக்கெட்டைப் பரணில் பழைய துண்டறிக்கைக் கட்டுக்குள் செருகினார்.

பசி அடங்கியது. தோல்வி அடங்கவில்லை. போட்டிச் சங்கத்தின் தபாலை ஆவி காட்டிப் பிரித்து, படித்து, சுருக்கம் இல்லாமல் ஒட்டி அனுப்பிய கை அல்லவா இது? நாலாம் நம்பரின் மூக்கை வெந்நீர்ச் சொம்பில் தலைகீழாக நிறுத்தினார். பிளாஸ்டிக் இளகியது. வளையம் அறுபடாமல் மூடியோடு முழுசாக வழுக்கி வந்தது. குடித்தார். குழாய்த் தண்ணீரை ஊற்றி, மூடியை அமுக்கினார். பார்த்தால் புத்தம் புதிது.

மாலை ஆறுக்கு எழிலரசி மாணிக்கவேலோடு வந்தாள். சங்கத்தின் பழைய செயலாளர் அவர். பதினேழு உண்ணாவிரதத்தையும் பழச்சாறு கொடுத்து முடித்து வைத்தவர்.

"இதையும் நீங்களே முடிச்சி வைங்கண்ணே" என்ற எழிலரசி, பிரிட்ஜிலிருந்த பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்து, நாலாம் நம்பரை எடுத்து நீட்டினாள்.

மாணிக்கவேல் திருகினார். டிக்! வளையம் அப்போதுதான் அறுந்தது. தென்னரசு மனசுக்குள் கைதட்டிக்கொண்டு, ஒரு மடக்கு குடித்தார்.

"இனிப்பு கொஞ்சம் ஜாஸ்தி."

"நீங்களும் ஒரு வாய் குடிங்கண்ணே."

மாணிக்கவேல் குடித்தார். முகம் கோணியது.

"யம்மா, இது கொழாத் தண்ணிமா!"

எழிலரசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வளையம் அறுபடலியே. இந்த மூடியவா நாளைக்கு நல்ல மூடின்னு சொல்ல இருந்தேன்? எப்படித் தொறந்தாங்கன்னு தெரியாம நான் எத்த மாத்துவேன்?"

தென்னரசு வாயைத் திறக்காவிட்டால் பழி கம்பெனியில் பாக்கெட் நிரப்புகிறவன் மேல் போய்விடும். பதினேழு உண்ணாவிரதமும் பத்திரமாக இருக்கும். அவர் எழிலரசியின் கையைப் பார்த்தார். சூட்டு அச்சு வருடக்கணக்காக வைத்த தழும்புகள். ஊர் கொடுக்காத பேரை இந்தக் கை தானாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தது.

"வெந்நீர்" என்றார். "நாலு நிமிஷம்."

மாணிக்கவேல் துண்டை உதறித் தோளில் போட்டார். "தோழர்..."

"பதினேழும் சுத்தம் தோழர். இது மட்டும் உள்கட்சி விவகாரம்."

எழிலரசி அதற்குள் நோட்டைப் பிரித்திருந்தாள். "நாலா, அஞ்சா? ஜல்தி சொல்லுங்க. கொதிக்கிற தண்ணியா, எறக்கி வச்சதா?" எழுதினாள். போன் போட்டு, வாங்குகிறவர்கள் மறுநாள் வந்து பார்ப்பதைத் தள்ளி வைத்தாள். "வாரு?"

"அது அசையல. என் பல்லுதான் ஆடுது."

"தெரியும். உள்ள நொழையும்போதே பாத்தேன்." பரணைக் காட்டினாள். துண்டறிக்கைக் கட்டுக்கு வெளியே, வாரின் நுனியில், ஒரு பச்சை மூடி தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் தொறப்பேன்னு தெரிஞ்சேதான் என்னைத் தனியா வுட்டுட்டுப் போனியா?"

"கம்பெனியில பதினோரு பேரு தொறந்து பாத்தாங்க. எல்லாம் நேர்மையான ஆளுங்க. ஒருத்தராலயும் குத்தம் கண்டுபிடிக்க முடியல. அதான் வூட்டுக்கு எடுத்தாந்தேன்."

தென்னரசு எத்தனையோ தலைவர்களைப் பார்த்தவர். எதிராளியின் கையாலேயே தன் வேலையை முடித்துக்கொண்ட தலைமை எதையும் அவர் பார்த்ததில்லை. மனசு சல்யூட் அடித்தது. ஆனாலும் மரபு விடவில்லை. தொண்டையைச் செருமினார்.

"கோரிக்கை இன்னா ஆச்சி?"

எழிலரசி நோட்டை மூடினாள். "அடுத்த உண்ணாவிரதத்த எப்ப வச்சிக்கிறீங்க? புது மூடி வியாழக்கிழமை வந்துடும்."