மைனஸ் அண்ணாச்சியின் மூன்று மலைகள்

மைனஸ் அண்ணாச்சி ஒரு பொய்யர். இதை எழுத இத்தனை வருஷம் ஆகியிருக்கக் கூடாது. ஆகிவிட்டது.

எண்பதுகளில் துபாயில், தேராவில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் இருவரும் வேலை பார்த்தோம். நான் டைப்பிஸ்ட். அவர் குளிர்கால டிக்கெட் கவுண்டர். ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகிற வெள்ளைக்காரர்களுக்கும் அரபிகளுக்கும் எந்த ஊர் நல்லது என்று சொல்லி அனுப்புவது அவர் உத்தியோகம். அவருக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். பனியை ஐஸ்பெட்டிக்குள் மட்டும்தான் பார்த்திருந்தார்.

உலகத்தில் அவ்வளவு பயந்த மனிதனை நான் பார்த்ததில்லை. ஆபீஸ் மூன்றாம் மாடி. லிஃப்டில் ஏறமாட்டார். "கயித்துல தொங்குத பெட்டிக்குள்ள புத்தி உள்ளவன் ஏறுவானா வே" என்று சுவரைப் பிடித்தபடி படியேறி வருவார். ஆப்ரா படகில் அக்கரைக்குப் போனால் நட்டநடுவில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் பாகிஸ்தான் பட்டாணியின் கையைப் பிடித்துக்கொள்வார். ஒரு தடவை கரை வந்தும் விடவில்லை. பாவம் அந்தப் பட்டாணி, பஸ் நிற்கும் இடம் வரை இவரைக் கையோடு கூட்டிப்போய் விட்டுவிட்டுத் திரும்பினார்.

இப்படிப்பட்டவரிடம் ஏன் யோசனை கேட்டார்கள்? பயந்தவன் கேட்கிற கேள்வியைத் தைரியசாலி கேட்கமாட்டான், அதனால்தான். விளம்பரப் புத்தகத்தில் எல்லா ஊரும் சொர்க்கம். அண்ணாச்சி ஒன்றையும் நம்பமாட்டார். போய்த் திரும்பியவர்களைப் பிடித்து உட்காரவைத்து விசாரிப்பார். எங்கே விழுந்தீர்கள், மேலே ஏற்றும் லிஃப்ட் நடுவழியில் நின்றதா, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், சூப் சூடாக இருந்ததா. காலில் மாவுக்கட்டோடு யாராவது வந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குத் திருவிழா. நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, முழுச் சரித்திரத்தையும் நோட்டில் எழுதிக்கொள்வார்.

நாங்கள் ஆள் அனுப்பிய மூன்று மலையூர்களின் பெயர் அவர் நாக்கில் நிற்காது. அதனால் மூன்றுக்கும் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று பெயர் வைத்திருந்தார். நோட்டில் இப்படி இருக்கும். ஊட்டி: உயரம் அதிகம், பனி நிச்சயம், சரிவு சுவர் மாதிரி, மாவுக்கட்டு பதினொன்று. கொடைக்கானல்: ரயில் மூன்று மாறவேண்டும், பிள்ளைகள் வாந்தி எடுக்கும், மாவுக்கட்டு நான்கு. ஏற்காடு: தாழ்வு, சரிவு நம் வயல்வரப்பு மாதிரி, சூப் பிரமாதம், மாவுக்கட்டு இல்லை.

மைனஸ் என்ற பெயர் கோழியால் வந்தது. உறைந்த கோழி அடுக்கும் கிடங்கு ஒன்றில் அவர் ஊர்க்காரர் வேலை பார்த்தார். சீசன் தொடங்குமுன், குளிர் எப்படி இருக்கும் என்று பார்க்க, அண்ணாச்சி கடிகாரத்தோடு அதற்குள்ளே போய் நிற்பார். "மைனஸ் பதினெட்டுல காது ஏழு நிமிசம், மூக்கு ஒம்பது நிமிசம். அதுக்கு மேல எனக்குத் தெரியாது வே, நான் வெளிய ஓடியாந்துட்டேன்" என்பார்.

ஒரு குளிர்காலத்தில் எங்கள் கஃபீல், அதாவது எங்கள் எல்லாருடைய விசாவையும் கையில் வைத்திருந்த முதலாளி, குடும்பத்தோடு பனிமலை போக ஆசைப்பட்டார். வயதான தாயார், ஆறு பிள்ளைகள். எந்த ஊர் என்று கேட்டு ஆள் அனுப்பினார். அண்ணாச்சி ஏற்காடு என்று சொல்லக் கடிதம் அடித்தேன். அடிக்கும்போது நானாக ஒரு வரி சேர்த்தேன்: "எங்கள் நிபுணர் இந்த மூன்று ஊர்களுக்கும் நேரில் சென்று வந்தவர்." கடிதம் கம்பீரமாக இருக்கட்டும் என்றுதான். மானேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கஃபீல் நேரில் வந்தார். "நீ அங்கே போனவனா? நல்லது. யல்லா, நீயும் எங்களோடு வா" என்று அண்ணாச்சியின் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணாச்சி கார்பன் நகலை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"யாரு வே இந்த வரியச் சேத்தது?"

"தெரியலையே அண்ணாச்சி."

அந்த ஆபீஸில் இருந்ததே ஒரு டைப்ரைட்டர்தான். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உமக்கு ரெண்டு தங்கச்சி இருக்குல்லா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கஃபீலிடம் பொய் சொன்னவனுக்கு விசா கேன்சல், கலாஸ், கதை முடிந்தது, அடுத்த விமானத்தில் ஊர். அது இருவருக்கும் தெரியும். கோழிக்கிடங்கு ஜாக்கெட்டைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு, பச்சைக்கோழி வாடையோடு அவர் கிளம்பினார்.

மூன்றாம் நாள் அண்ணாச்சியிடமிருந்து டெலக்ஸ் வந்தது. "மழை மட்டும். பனி மாஃபி."

மாஃபி என்றால் இல்லை. ஏற்காடு தாழ்வான இடம். எலும்பு உடையாத ஊராகப் பார்த்தவர், பனி விழாத ஊராகப் பார்த்துவிட்டார். போனவாரம் வரை எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்த மலையாளி மானேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். போன் அடித்தால் யாரும் எடுப்பதில்லை.

"எடா, நீ எடுக்கு."

"நீங்கதான சார் மானேஜர்."

"கடிதம் அடிச்சது நீயல்லே?"

பெட்டியைக் கட்டி ரூமில் கட்டிலுக்கடியில் தயாராக வைத்தேன். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

பத்தாம் நாள் கஃபீல் வந்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். மழையே பார்க்காத பாலைவனத்தில் வளர்ந்த குடும்பம். தாயார் பால்கனியில் நாற்காலி போட்டு மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம், சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுவரச் சொன்னாராம். பிள்ளைகள் சேற்றில் உருண்டார்களாம். அடுத்த வருஷமும் மழைதான் வேண்டும் என்று அம்மா உத்தரவாம்.

"மழை பெய்யும்னு தெரிஞ்சுதாம் வே அனுப்புனேன்" என்றார் அண்ணாச்சி. பச்சைப் பொய். சொல்லும்போது காதைத் தடவிக்கொண்டார்.

அடுத்த மாதமே அவரை ஓமானில் சலாலாவுக்கு மாற்றினார்கள். அங்கே கஃபீலின் கூட்டாளிக்கு ஒரு ஆபீஸ். சாரல் காலத்தில் மழை பார்க்க வருகிற அரபிகளைக் கவனிக்கவேண்டும். பதவி உயர்வு என்று நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. வழியனுப்பக்கூடப் போகவில்லை.

மூன்று வருஷம் கழித்து நான் வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பினேன். விடைபெறப் போனபோது கஃபீல்தான் சொன்னார். மலைக்குப் போன முதல் நாளே, பனி இருக்கிறதா என்று பார்க்க ரோப் காரில் மேலே ஏறக் கூப்பிட்டிருக்கிறார். அண்ணாச்சி கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாராம். மூன்று ஊருக்கும் போய்வந்தவன் என்று கடிதத்தில் இருக்கிறதே என்று கேட்டதற்கு, "அந்த வரியை நான்தான் எழுதச் சொன்னேன். டைப்பிஸ்டுக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லி அழுதிருக்கிறார். அங்கேயே விசாவை ரத்து செய்ய முடிவெடுத்தாராம் கஃபீல். தாயாரின் மழை அவர் மனசை இளக்கியதால், பாதிச் சம்பளத்தில் சலாலாவுக்கு அனுப்பியதோடு விட்டார். அது தண்டனை. எனக்கு வரவேண்டியது.

அண்ணாச்சி, லிஃப்டுக்குப் பயந்தீர், படகுக்குப் பயந்தீர், எனக்காக உம் விசா போவதற்கு மட்டும் ஏன் நீர் பயப்படவில்லை? அந்த வரியை அடித்தவன் நான். ஊர் உலகம் படிக்க ஒப்புக்கொண்டுவிட்டேன். நீரும் இதே பத்திரிகையில், எல்லாரும் படிக்க, பதில் எழுதும். அப்படியே காது எப்படி இருக்கிறது என்றும் ஒரு வரி சேர்த்துவிடும்.