கடுதாசி பிடிக்கும் பெட்டி

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கே பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. வயிறு நிறைந்துவிட்டது, இனி ஒரு வரிகூடக் கொள்ளாது என்று அர்த்தம்.

"இன்னா மேடம், பந்தியில உக்காந்து எழுந்த மாதிரி அதுக்குள்ள ஃபுல்லாயிடுச்சு?" என்றார் ஆம்பூர் தோல் வியாபாரி குர்ஷித் பாய்.

டோரதிக்கும் புரியவில்லை. வேலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுப்பவள் அவள். இரண்டு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த கையோடு பற்றவைப்புக் கம்பியை எடுத்து உட்கார்ந்து செய்த பெட்டி அது. 1997-லும் ஆம்பூர் டெலிபோன் பாதி நாள் ஊமை. வெளிநாட்டுக்காரன் தோல் கேட்பது பாயின் காதில் விழுவதற்குள் வேறு யாராவது விற்றுவிட்டிருப்பார்கள்.

ஆனால் வானத்தில் ஒரு சாட்டிலைட் இருந்தது. சென்னைக் கம்பெனி ஒன்று அதன் வழியாகச் சோதனை முறையில் சந்தாதாரர்களின் செய்திகளை தேசம் முழுக்க மழை மாதிரிப் பொழிந்துகொண்டிருந்தது. பாயின் ஆபீஸ் மொட்டைமாடியில் ஒரு டிஷ், கீழே இந்தப் பெட்டி. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விழுவதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வரும், போகாது, ஒருவழிப் பாதை. விலை ஒரு கலர் டிவியைவிடக் கம்மி. அப்படிக் கம்மியாக்குவதற்காகப் பழைய கம்ப்யூட்டர்களின் மெமரி சிப்புகளைப் பிடுங்கிப் போட்டிருந்தாள். மொத்தம் முப்பது பக்கம் கொள்ளும். எல்லாவற்றுக்கும் அதே முப்பது பக்கம்தான்.

வியாழக்கிழமை தோல் பதனிடும் சின்ன டேனரிக்காரர்களின் சங்கம் பார்க்க வருகிறது. பிடித்துப்போனால் நாற்பது பெட்டி கேட்பார்கள்.

"ஊர்க் கதையெல்லாம் பிடிக்குது பாய். உங்க தொழில் சம்பந்தப்பட்டதை மட்டும் எடுக்கச் சொல்றேன். ஆட்டுத்தோலுக்கு இங்கிலீஷ்ல இன்னா சொல்லுவீங்க?"

"ஸ்கின்."

டோரதி பெட்டியின் கீபோர்டில் அந்த வார்த்தையைத் தட்டினாள். பெட்டியைக் கவனிக்கும் பொறுப்பை டைப்பிஸ்ட் ரஃபத் ஜஹானிடம் விட்டுவிட்டு, மத்தியான வகுப்புக்கு பஸ் ஏறினாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆபீசில் ஒரு கடிதம்கூடத் தவறவிடாதவர் ரஃபத் ஜஹான். கவலையில்லை.

மறுநாள் பத்து மணிக்கே சிவப்பு விளக்கு.

"மேடம், படை வந்திருக்கு, தேமல் வந்திருக்கு, சேத்துப்புண்ணுகூட வந்திருக்கு," என்று நாலு வரித் திரையைப் பார்த்துப் படித்தார் பாய். "தேசத்துல இருக்கிற தோல் டாக்டருங்க எல்லாம் நம்மகிட்டதான் பேசறாங்க. ஒரு ஆடு வரல."

டோரதி வார்த்தையை ஆட்டுக்கான 'கோட்' என்று மாற்றினாள். ஆட்டம்மைத் தடுப்பூசி அறிவிப்பும் ஒரு பிரியாணிச் செய்முறையும் வந்தன.

"பச்சைப் பட்டாணி போடச் சொல்றான்!" பாய் நிஜமாகவே கோபப்பட்டார். "இவனுக்கெல்லாம் யார் சாட்டிலைட் குடுத்தது?"

இரண்டு வார்த்தையும் சேர்ந்து வந்தால் மட்டும் பிடி என்றாள். வருவது நிஜமாகவே குறைந்தது. ஆனால் சிவப்பு விளக்கு குறையவில்லை. கையிலிருந்த சிப்புகளைச் சேர்த்து அறுபது பக்கமாக்கினாள். அறுபதும் நிறைந்தது. கரண்ட் போகும்போது குழம்புகிறதோ என்று பேட்டரி வைத்தாள். கரண்ட் இல்லாத நேரத்திலும் நிறைந்தது.

இதற்குள் டோரதிக்குப் பயத்தைவிட ஆர்வம் ஜாஸ்தியாகிவிட்டது. வராத ஒன்று எப்படி நிறையும்? திரையில் நாலு நாலு வரியாகத் தள்ளிக்கொண்டே போனாள். நடுவில் ஏதோ தட்டுப்பட்டது. 'அன்புள்ள ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது, மிக்க நன்றி' என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி. அனுப்பியவர் பெயர் இல்லை, ஊர் இல்லை. அடுத்ததும் அதே நன்றி. அதற்கடுத்ததும்.

"அக்கா, பெட்டியை யாராவது தொட்டாங்களா?"

"நான் விடுவேனா மேடம்?" என்றார் ரஃபத் ஜஹான். "காலைலேர்ந்து இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கல."

டோரதி சென்னைக் கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டாள். "சார், யாரோ ஒருத்தர் உங்க சாட்டிலைட்ல விடாம நன்றி சொல்லிட்டே இருக்காங்க."

"மேடம், சந்தா கட்டி யாரும் நன்றி சொல்ல மாட்டாங்க," என்றார் அங்கிருந்த இன்ஜினியர். ஆனாலும் அவருக்கும் குறுகுறுப்பு தாங்கவில்லை. "சோதனை ஒளிபரப்புதானே, புதன்கிழமை ஒரு நாள் நிறுத்தறோம். என்ன ஆகுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

புதன்கிழமை சாயங்காலம் டோரதி ஆபீஸ் படியேறினாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மாடிக்கு ஓடி டிஷ்ஷின் ஒயரைப் பிடித்துப் பார்த்தாள். காலையிலேயே அதையும் கழற்றிப் போட்டுவிட்டதாகப் பாய் சொன்னார்.

"மேல ஒண்ணுமே இல்ல, கீழ ஃபுல்லு. மேடம், தப்பா நினைக்காதீங்க, பள்ளிவாசல் ஹஸ்ரத்தைக் கூட்டிவந்து ஓதிடலாமா?"

"விடிஞ்சா சங்கத்துக்காரங்க வர்றாங்க பாய். நான் இன்னான்னு சொல்லுவேன்? வானம் மூடியிருந்தாலும் என் பெட்டி வேலை செய்யும்னா?"

கல்லூரியிலிருந்து தூக்கிவந்த பிரிண்டரைப் பெட்டியில் மாட்டினாள். முதல்முறையாக மொத்த மெமரியையும் காகிதத்தில் இறக்கப்போகிறாள். பிரிண்டர் கரகரவென்று இரைந்தது. முதல் தாள் வெளியே வந்தது. பாய் எட்டிப் பார்த்தார்.

கோடு கோணாமல், மார்ஜின் தப்பாமல், ஒரு எழுத்துப் பிழை இல்லாத கடிதம். டெல்லியில் இருக்கும் ஒரு தோல் டாக்டருக்கு. இரண்டாவது தாள், தடுப்பூசி ஆபீசருக்கு. மூன்றாவது, பட்டாணிக்காரருக்கு.

ரஃபத் ஜஹான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தாளை வாங்கிப் பார்த்து, வெட்கமாகச் சிரித்தார்.

"நான் போட்டதுதான் மேடம், வர்ற லெட்டருக்கெல்லாம் அன்னன்னிக்கே பெட்டியிலயே பதில் தட்டி விட்டுடுவேன், இன்னிக்கு யாருமே எழுதலியா, மனசு கேக்கல, எல்லாரும் சௌக்கியமா, எங்க மேல ஏதாவது வருத்தமான்னு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா கேட்டுட்டேன்."